காப்பி மூட்டையும் கப்பல் கரியும்

மாரமங்கலத்தில் ஒரு காப்பித் தோட்டத்துக் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏற்காட்டுக்கு வந்து ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்த ஊர்ப் பக்கம் அதிகமாக வருவதில்லை. களத்திலே காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு கிளம்பியது. பக்கத்தில் நின்றவர் சேர்வராயன் மலையின் பூர்வகுடியான மலையாளி வகுப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். (மலையாளி என்றால் இங்கே கேரளத்தார் அல்ல, மலைக்கு உரியவர்.) லாரி மறையும் வரை பார்த்துவிட்டு, அவர் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, இந்த மலை ஏறி இறங்கவே வண்டி இத்தனை டீசல் குடிக்குதே, கடலைத் தாண்டுற கப்பல் எவ்வளவுங்க குடிக்கும்?"

சரித்திரப் புத்தகங்களில் கப்பல் வந்தால் கூடவே வாஸ்கோடகாமா வருவார், பீரங்கி வரும், கொள்ளைக்காரர்கள் வருவார்கள். கப்பல் என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்பது மட்டும் வராது. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல், இந்த மலையில் காப்பி எப்படி வியாபாரப் பயிராக நிலைத்தது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர், 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. அக்காலத்தில் இங்கே விளைந்த மூட்டை சீமைக்குப் போவதென்றால் என்ன பாடு! தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் மலை இறங்க வேண்டும். சென்னைப் பட்டினத்திலோ துறைமுகமே கிடையாது. கப்பல் எட்டத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை மலை மலையாகப் புரளும். அதைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகுகள். அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரனின் கெட்டிப் படகு அங்கே சுக்குநூறாகும். அப்புறம் கப்பல், ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் போகும். செலவு ஆளுக்கும் பாய்க்கும்தான். காற்றுக்கு யாரும் பணம் கொடுத்ததில்லை.

காக்பர்ன் சேலத்தில் இருந்தபோதே, 1825-ல், 'எண்டர்பிரைஸ்' என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுக் கல்கத்தா வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு நீராவியில் வந்த முதல் கப்பல் அது. 70 நாளுக்குள் வந்தால் பெரும் பரிசு என்று சொல்லியிருந்தார்கள். வந்து சேர 113 நாள் ஆயிற்று. வழியில் பல நாள் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாய் விரித்து ஓடவேண்டி இருந்தது. கரி போதவில்லை, சங்கதி அவ்வளவுதான்.

கரியைப் பற்றிய இந்தத் தொல்லையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நீராவிக் கப்பலில் கரி விலை மட்டும் செலவல்ல. கரி இடத்தையும் தின்கிறது. 1840-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஓடத் தொடங்கிய 'பிரிட்டானியா' கப்பலில் 640 டன் கரி ஏற்றினார்கள். சரக்குக்கு இருந்த இடம் 225 டன். கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவர்களே பந்தியில் முக்கால்வாசி உட்கார்ந்துவிட்டால் விருந்தாளி எங்கே உட்காருவது? ஆகவே தபாலையும், பணக்காரப் பிரயாணிகளையும் நீராவி ஏற்றிக்கொண்டது. காப்பி, தேயிலை, தோல் எல்லாம் பாய்க்கப்பலிலேயே போய்க்கொண்டிருந்தன.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, புரூனல் என்ற பொறியாளர் பிடித்துக்கொண்ட எளிய கணக்கு. கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரண்டு மடங்கு ஆக்கினால் அது கொள்ளும் சரக்கு எட்டு மடங்கு ஆகிறது. தண்ணீரின் எதிர்ப்போ ஏறத்தாழ நான்கு மடங்குதான். ஆகவே பெரிய கப்பலுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கரி குறைவு. 1838-ல் அவருடைய 'கிரேட் வெஸ்டர்ன்' நியூயார்க்கைத் தொட்டபோது சுமார் 200 டன் கரி மிச்சமிருந்தது. இன்று கப்பல்கள் பூதாகாரமாக வளர்ந்திருப்பதற்கு மூலகாரணம் அந்தக் கணக்கே.

இன்னொன்றைச் செய்து காட்டியவர் லிவர்ப்பூல்காரரான ஆல்பிரட் ஹோல்ட். நீராவி ஒரு சிலிண்டரைத் தள்ளிவிட்டு வெளியே போகும்போது அதன் பலம் முழுதும் தீர்ந்துவிடுவதில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் எடுத்து வைக்கும் வீட்டு அம்மாளைப் போல, அந்த ஆவியை இன்னொரு பெரிய சிலிண்டருக்குள் விட்டு மறுபடியும் வேலை வாங்குவதுதான் யுக்தி. அந்தக் கூட்டு யந்திரம் ஹோல்ட் கண்டுபிடித்ததல்ல. முன்பே சிலர் கப்பலில் வைத்துப் பார்த்ததுதான். அவர் கொதிகலனின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு வரை ஏற்றி, நெடுந்தூரச் சரக்குக் கப்பலுக்கு அதைக் கட்டுபடியாக்கினார். 1866-ல் அவருடைய 'அகமெம்னான்' லிவர்ப்பூலிலிருந்து மொரீஷியஸ் வரை, 8,500 மைல், வழியில் எங்கும் கரி போடாமல் ஓடிற்று. கரிச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். மிச்சமான கரியின் இடத்தில் மூட்டைகள் ஏறின.

மூன்று வருஷம் கழித்து, 1869 நவம்பர் 17-ந் தேதி, சூயஸ் கால்வாய் திறந்தது. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது. கால்வாயிலோ இன்னொருவர் இழுத்துப் போக வேண்டும். குறுக்கு வழி நீராவிக்கே லாபமாயிற்று. பாய்க்கப்பல்களின் அழகியான 'கட்டி சார்க்' கடலில் இறக்கப்பட்டது அதே நவம்பர் 22-ந் தேதி. ஐந்தே நாள் பிந்தி! ஒரு நாவலில் இப்படி எழுதினால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள். 1862-க்குள் சென்னை ரயில் பாதை சேலத்தைத் தாண்டி மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. சேர்வராயன் மலைக் காப்பிக்கு இரண்டு கதவுகளும் ஏழு வருஷத்துக்குள் திறந்துகொண்டன.

1881-ல் மூன்று சிலிண்டர் யந்திரத்தோடு 'அபர்டீன்' வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் டேவிட் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதியதைப் படித்துத் திகைத்துப் போனேன். ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டுபோகக் கடிதத் தாளில் பாதியை எரித்தால் கிடைக்கும் சூடு போதுமாம்!

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகு கப்பல்கள் கரி எரிப்பது குறைந்ததா? இல்லை. 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கில அறிஞர் நிலக்கரியைப் பற்றிய தமது புத்தகத்தில் இதைச் சொல்லிவிட்டார்: யந்திரம் சிக்கனமாக ஆக ஆக, கரியின் உபயோகம் பெருகத்தான் செய்யும். கூலி மலிவானதும் கப்பல்கள் பெருகின; தோட்டங்கள் பெருகின; அவற்றோடு மொத்தக் கரியும் பெருகிற்று. கப்பலின் அடிவயிற்றில் அந்தக் கரியை அள்ளிப் போட்டவர்களில் பஞ்சாபிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் போன நம் நாட்டு லஸ்கர்கள் ஏராளம். செங்கடல் வெக்கையில் அந்த அடுப்பு வாயில் நின்றவர்களின் கணக்கை வெல்ஸின் கடிதத் தாளில் எழுத முடியாது.

வ.உ.சி.யின் கதை எல்லோருக்கும் தெரியும். 1906-ல் கம்பெனி, 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள், 1908-ல் சிறை, 1911-ல் கம்பெனி கலைப்பு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பல் புறப்பட்டால் கரி எரிந்தாக வேண்டும். கரிக்குத் தேசபக்தி கிடையாது. பணமூட்டை பெரிதாக உள்ளவனே வெறுங்கப்பலை ஓட்டித் தாக்குப்பிடிப்பான்.

அதே தூத்துக்குடியில், அதே கொழும்புப் பாதையில், கரியே தின்னாத தோணிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தோணிக்காரனுக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைகூட அவன் பாய் விரித்தே பிழைத்தான். கடல் குறுகியது, பருவக் காற்று வாக்குத் தவறாதது, சரக்குக்கு அவசரமில்லை. அப்புறம் தோணிக்கும் இஞ்சின் வந்துவிட்டது.

பெரிய கப்பல்களில் அந்த மாறுதல் முன்னமே நடந்தாயிற்று. 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் யந்திரத்தோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போயிற்று. புகைபோக்கியே இல்லாத கப்பலைத் துறைமுகந்தோறும் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1956-ல் கண்டெய்னர் பெட்டி வந்தது. இன்று டன்னுக்கு, மைலுக்கு என்று கணக்குப் போட்டால், மாரமங்கலத்து லாரியைவிடக் கப்பல் குடிப்பது எவ்வளவோ குறைவு. ஆனால் உலகம் வெளியிடும் கரிப்புகையில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்களுடையது. ஜெவன்ஸ் சிரித்திருப்பார்.

எண்ணெயை மிச்சம் பிடிக்கப் புது யந்திரம்கூட வேண்டாம், மெதுவாகப் போனால் போதும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், நாள் கூடினாலும், பிரயாணம் முழுவதற்கும் ஆகும் எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2008-க்குப் பிறகு பல கப்பல் கம்பெனிகள் இதைச் செய்தன. புண்ணியத்துக்காக அல்ல, எண்ணெய் விலையும் வியாபார மந்தமும் அப்படி. ஆனால் 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களின்மேல் ஏவுகணைகள் பாய்ந்தபோது, பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றின. இழந்த நாளை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினார்கள். 1869-க்கு முந்திய பாதை, ஆனால் இலவசக் காற்று இல்லை.

காற்றைத் தேடுகிறவர்கள் இல்லாமல் போகவில்லை. 2023-ல் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு கெட்டிப் பாய்களை நிறுத்திக்கொண்டு, யந்திரத்தின் சுமையைக் குறைத்துக்கொண்டு பிரேசிலுக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 2020-ல், பிரான்சின் மோர்லே நகரத்தைச் சேர்ந்த ஒரு காப்பி, சாக்லேட் கம்பெனி தன் சரக்குக்கென்றே பாய்க்கப்பல் ஒன்றைக் கட்டியது. 'கிரேன் த செய்ல்' என்று பெயர். போகும்போது ஒயின், திரும்பும்போது காப்பியும் கோகோவும். கொள்ளளவு 50 டன்: 60 கிலோ மூட்டையாக எண்ணூற்றுச் சொச்சம். இன்றைய பெரிய கப்பல்கள் 20,000 பெட்டிக்கு மேல் சுமக்கின்றன. இந்தக் கப்பலின் சரக்கு முழுவதும் அவற்றில் மூன்று பெட்டிக்குள் அடங்கிவிடும். 2024-ல் அதே கம்பெனி இரண்டாவது கப்பலை ஓட்டத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 350 டன்.