கடம்பூர் மாளிகையில் கத்தி யார் கையில்?

நாவல் கதை சொல்ற விதத்துக்கும் வீடியோ கேம் கதை சொல்ற விதத்துக்கும் என்ன வித்தியாசம்? இன்னைக்கு இதை ஒரு கொலை வழக்கை வச்சுப் பார்க்கலாம். ஆயிரம் வருஷப் பழைய வழக்கு.

மங்கலம்பேட்டையில் இருந்து விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் வழியா போனா காட்டுமன்னார்கோயில் வரும். பக்கத்துல வீராணம் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணி அனுப்புற அதே ஏரிதான். கல்கியோட 'பொன்னியின் செல்வன்'ல வந்தியத்தேவன் முதன்முதலா குதிரையில வர்றதும் இந்தக் கரையில்தான். நாவல்ல ஆதித்த கரிகாலன் கொலையாகிற கடம்பூரும் இந்த வட்டாரம்தான்.

வரலாறு என்ன சொல்லுது? காட்டுமன்னார்கோயிலை ஒட்டின உடையார்குடி கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. 985-ல பட்டத்துக்கு வந்த ராஜராஜ சோழனோட 2-வது ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பேரைச் சொல்லுது. அவங்களோட, அவங்க உறவுக்காரங்களோட நிலமும் பறிபோன செய்தி அதுல இருக்கு. ஆனா ஏன் கொன்றாங்க, யார் தூண்டினாங்க? கல்வெட்டு பேசலை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏத்துக்கலை.

இந்த இடைவெளியில்தான் கல்கி நுழைஞ்சார். 1950-ல இருந்து 1954 வரைக்கும் வாராவாரம் தொடரா எழுதினார். நந்தினிங்கிற கற்பனைப் பாத்திரத்தை அதுல நிறுத்தினார். கொலை நடக்கிற நேரத்துல நாலைஞ்சு பேரை அங்கே கொண்டுவந்து, கத்தி யார் கையிலன்னு உறுதியா சொல்லாம விட்டார். வாசகர் என்ன பண்ண முடியும்? அடுத்த இதழுக்குக் காத்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோட வாதாடலாம். அவ்வளவுதான். நாவல் நம்மைச் சாட்சியா உட்கார வைக்குது. தடுக்க முடியாத சாட்சி.

கேம்ல இடைவெளி நம்ம கைக்கு வருது. நம்ம ஊர்க் கதையிலேயே உதாரணம் இருக்கு: 2023-ல டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'. 1980-கள்ல கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தோட கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கு. விட்டுப்போன படிகளை நாமதான் யோசிச்சு, இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு கண்டுபிடிக்கணும். வளர்ந்த மகன் கவினா நாம ஆடுற பகுதியில, அம்மாவோட தமிழைப் படிக்கத் திணறுறோம். அவன் இழந்தது என்னன்னு வசனம் சொல்ல வேண்டியதில்லை, நம்ம விரலுக்கே தெரியுது. 2024-ல இந்த கேமுக்கு பாஃப்டாவோட அறிமுக கேம் விருது கிடைச்சது.

கவனிங்க, 'வெண்பா'வில் சமையலைத் திருத்தலாம், மறுபடி முயற்சி பண்ணலாம். மகன் விலகிப் போறதை மட்டும் நிறுத்த முடியாது. அந்த இடத்துல கேமும் நாவல் மாதிரியே நம்மைக் கையைக் கட்டி நிக்க வைக்குது.

இப்போ கடம்பூரை ஒரு கேமா கற்பனை பண்ணுங்க. நாலு முடிவு வச்சா ஆளுக்கு ஒரு கொலைகாரர் கிடைப்பார். ஆட ஜாலியாத்தான் இருக்கும். ஆனா நாவல் படிச்சதுக்கே நந்தினி நிஜமா வாழ்ந்தவன்னு நம்புறவங்க இருக்காங்க. நம்ம கையாலேயே கத்தியைப் பிடிச்ச கதை இன்னும் ஆழமா பதியும். அப்புறம் உடையார்குடி கல்வெட்டை யார் தேடிப் போவாங்க?

அதனால அந்த கேமை யாராவது எடுத்தா, நாலு முடிவுக்கு அப்புறமும் அந்தக் கல்லை ஒரு தடவை காட்டட்டும். அதுல இருக்கிற பேர்களையும், அது பேசாம விட்டதையும் சேர்த்து.

நீங்க எடுத்தா எந்த முடிவு வைப்பீங்க? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.