ரேந்தை: கைவேலையா, தொழிலா?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் வைக்கோல் அடைத்த ஓர் உருளைத் திண்டும், கம்பி துருவேறிய குண்டூசிகளும், விரல் நீளத்தில் வழவழப்பாகத் தேய்ந்துபோன நாற்பதுக்கு மேற்பட்ட மரக் கட்டைகளும் கிடக்கின்றன. அவை என் பெரியம்மையுடையவை. முப்பது வருடங்களுக்கு மேல் அவர் ரேந்தை பின்னினார். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததில் அந்தக் கட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருமுறை முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை அவருக்காக நான் நிரப்பினேன். "செய்த தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"நான் எங்க மக்ளே வேலைக்குப் போனேன்? சும்மா வீட்டுலதான இருந்தேன்" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை ரேந்தையின் வரலாற்றைத் தேட வைத்தது. பெண்களின் கற்பனையும் கைத்திறனும் எப்போது தொழில் ஆகின்றன, எப்போது வெறும் கைவேலையாக நின்றுவிடுகின்றன? இந்தக் கேள்வியைக் கேட்க நாஞ்சில் நாட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது வீட்டுக்கு இழப்பு என்று கருதிய காலம் அது. பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் பணம் வேண்டும். 1821 வாக்கில் அவர் அவர்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னியதை ஐரோப்பியர்களுக்கு விற்று, வந்த பணத்தில் பள்ளியை நடத்தினார்.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதில் தறி கிடையாது. பூவும் இலையும் வரைந்து, புள்ளி புள்ளியாகத் துளையிட்ட தடித்த காகிதத்தைத் திண்டின்மேல் பொருத்துவார்கள். துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் கடத்தியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றி நூலைப் பின்னிக்கொண்டே போவார்கள். ஊசியைப் பிடுங்கினால் காற்றில் நிற்கும் பூ. நல்ல அகலமான ரேந்தை என்றால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில அங்குலம்தான் நகரும்.

இந்த வேலை இங்கே வேர்விட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் வலைப்பின்னல் நெய்யும் இயந்திரத்துக்கு 1809-இல் காப்புரிமை பெற்றார். 1816-இல் லஃபரோ நகரில் இருந்த அவருடைய ஆலைக்குள் தொழிலாளர்கள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். ஆனாலும் இயந்திரம்தான் வென்றது. விலை சரிந்த சந்தையில், கையால் பின்னும் ரேந்தை பிழைக்க வேண்டுமென்றால் பின்னுகிறவளின் நேரம் மிக மலிவாகக் கிடைக்க வேண்டும். திருவிதாங்கூரில் அது கிடைத்தது.

இருந்தும் இந்தக் கதையை வெறும் சுரண்டலின் கதை என்று என்னால் எழுதிவிட முடியவில்லை. மார்த்தாவின் பள்ளிக்கு வந்த பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பலர் நாடார் வீடுகளிலிருந்து வந்தவர்கள். சிலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். திருவிதாங்கூரில் மனிதர்களை விற்கவும் வாங்கவும் முடிந்தது. அடிமை முறையை ஒழிக்கும் முழுமையான பிரகடனம் 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஒரு பெண் தன் விரல்களால் பின்னிய பூவை விற்றுத் தன்னையே விலைக்கு வாங்கினாள். ஒரு கைவேலையால் இதைவிடப் பெரிதாக என்ன சம்பாதிக்க முடியும்?

அதே ஆண்டுகளில் இந்த மண்ணில் தோள்சீலைப் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு வந்தது. மிஷனரிப் பெண்கள் அதற்கென்று ஒரு தளர்வான ரவிக்கையை வடிவமைத்தார்கள். ஆனால் உயர்சாதிப் பெண்கள் போலத் தோள்சீலை அணியக் கூடாது என்று 1829-இல் அரசப் பிரகடனம் தடுத்தது. 1822-இல் தொடங்கி 1859 வரை சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம்கூட, ரவிக்கை போடலாம், முரட்டுத் துணி உடுத்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துரைசானிகளின் கழுத்துப்பட்டிக்கும் சட்டைக் கைக்கும் மெல்லிய பூப்பின்னலை அனுப்பிய ஊர் இது. அதைப் பின்னிய பெண்களின் சமூகத்தில் ஒருத்தி தன் தோளில் என்ன துணி போடலாம், அது எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்பதை அரண்மனை தீர்மானித்தது. அவர்கள் அழகை உருவாக்கலாம், உடுத்தக் கூடாது. வடிவமைப்பு என்பது அரசியலுக்கு அப்பாற்பட்ட ரசனை என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரின் இந்த முப்பத்தேழு ஆண்டுகளைக் காட்டுங்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்கு வீட்டுமொழி போல. அவர் 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போனார். ரேந்தையும் அவரோடு போனது. இன்றும் இடையன்குடி என்றால் ரேந்தையைச் சொல்கிறவர்கள் உண்டு. 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல்லின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எலைசாவின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும். அவரிடம் பின்னக் கற்ற பெண்களின் பெயர்கள் தேடினாலும் அகப்படுவதில்லை.

சிக்கல் தொடங்கும் இடம் இந்தப் பெயரில்லாமைதான். மிஷன் ரேந்தை நன்றாக விற்றது. வந்த வருமானம் பள்ளிகளை நடத்தியது. வேதம் வாசித்துக் கொடுக்கும் பெண் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் மாதிரிக் காகிதத்தை வைத்திருந்தது யார்? நூலை வாங்கியது, விலையை நிர்ணயித்தது, வாங்குகிறவருக்குக் கடிதம் எழுதியது யார்? எல்லாமே மிஷனரி அம்மாவின் மேசையில் நடந்தன. பின்னியவளுக்குக் கூலி வந்தது, கணக்கு வரவில்லை. அந்த வேலையைப் பதிவுகளில் கல்வி, ஒழுக்கம், உதவி என்றெல்லாம் எழுதினார்கள். நல்ல மனைவியாக, நல்ல தாயாக அவளைத் தயார் செய்யும் பயிற்சி என்றார்கள். அவள் தொழிலாளி என்றோ கலைஞர் என்றோ சொல்லத் தோன்றவில்லை.

இதன் முழு விளைவையும் காண ஆந்திரத்தின் நரசாப்பூருக்குப் போக வேண்டும். அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள்தான் கொக்கி ஊசிப் பின்னலை அறிமுகப்படுத்தினார்கள். 1970களின் இறுதியில் ஜெர்மானியப் பெண்ணியவாதி மரியா மீஸ் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உலகச் சந்தைக்காகப் பின்னினார்கள். ஆறு முதல் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு மேசைவிரிப்பு எப்படி இருக்கும், எங்கே என்ன விலைக்குப் போகும் என்பது இருவருக்கும் தெரியாது. வியாபாரம் பெருகப் பெருக, இடையில் தரகு பார்த்த பெண்களும் விலகிப்போய், ஆண்கள் ஏற்றுமதியாளர்கள் ஆனார்கள். கேட்டால் அந்தப் பெண்கள் சொன்ன பதில்: நாங்கள் வீட்டில் இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறோம். இந்தச் செயல்முறைக்கு மீஸ் 'இல்லத்தரசியாக்கல்' என்று பெயர் வைத்தார். அதைப் படித்தபோது என் பெரியம்மையின் குரல்தான் கேட்டது.

இதற்கு எதிர்ப்புறமாக எங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள். பரதநாட்டிய மேடையில் பார்க்கும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் அந்தப் பட்டறைகளில் உருவாகின்றன. அங்கேயும் வீடும் பட்டறையும் ஒன்றுதான், வேலையும் கைவேலைதான். ஆனால் ஆசாரி செய்வதை யாரும் ஓய்வு நேர வேலை என்று சொன்னதில்லை. அது குலத்தொழில், அதற்கு ஒரு பெயர், ஒரு விலை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆண் செய்தால் தொழில், பெண் செய்தால் கைவேலை. பொருளின் நுட்பத்தில் அந்த வேறுபாடு இல்லை. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. நகைக்குப் புகழ் வந்தாலும் லாபம் முழுதும் செய்கிறவர் கைக்குப் போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவர் தன்னை "சும்மா இருந்தவன்" என்று சொல்லமாட்டார்.

கணக்குப் புத்தகத்தைப் பெண்கள் கைப்பற்றிய இடங்களும் உண்டு. லக்னோவின் சிக்கன் பூவேலைப் பெண்கள் தலைமுறைகளாகத் தரகர்களிடம் கூலிக்குத் தைத்தவர்கள். 1984-இல் சேவா லக்னோ என்ற அமைப்பாகச் சேர்ந்தபின் அவர்களே துணி வாங்கி, தைத்து, கண்காட்சி நடத்தி விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் புதிதாக ஊசி பிடிக்கக் கற்கவில்லை. விலை சொல்லக் கற்றார்கள். அதுதான் மாற்றம்.

இன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆரி வேலை, ரவிக்கை வடிவமைப்பு, பின்னல் பை என்று எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் கிடைக்கிறது, கைப்பேசியில் படம் போட்டால் வாங்க ஆள் வருகிறது. அவர்களில் பலர் இன்னமும் நூல் விலையோடு "ஏதோ கொஞ்சம்" சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தில் அவர்களுடைய கண்ணும் முதுகும் மணிக்கணக்கும் சேருவதில்லை. ஒரு ரவிக்கைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வைப்பதுதான் தொழிலின் முதல் பாடம். அடுத்தது, தன் வடிவத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி புதிய வடிவம் ஒன்றைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகள் உரிமை உண்டு, மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் அதை வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படத்தைப் போட்டுவிட்டுப் பிறகு யோசித்தால் அந்த வடிவம் புதியதாகக் கணக்கில் வராது. புவிசார் குறியீட்டிலும் சங்கத்தின் பெயர் மட்டும் போதாது. செய்கிறவர் தன் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பெரியம்மையின் பெட்டியில் திண்டு இருக்கிறது, கட்டைகள் இருக்கின்றன. மாதிரிக் காகிதம் ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்ததும் ரேந்தையோடு காகிதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வேலை கொடுத்தவர்களின் விதி. பழைய காகிதத்தில் பூவின் ஓரம் முரடாக இருக்கிறது என்று அவர் இரண்டு மூன்று முறை மாற்றிக் குத்திக் கொடுத்திருக்கிறார். அந்த மாற்றத்தையே பிறகு மற்றவர்களும் பின்னினார்களாம். "அதுக்குக் காசு கேட்டீங்களா?" என்றேன். "பூ நல்லா வந்தா போதும்லா மக்ளே" என்று சிரித்தார்.

ரேந்தை என்ற சொல் போர்ச்சுக்கீசிய 'ரெண்டா'விலிருந்து தமிழுக்கு வந்தது. அந்த மொழியில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: வருமானம். நம் கைக்கு வந்து சேர்ந்தது பாதிப் பொருள் மட்டும்தான்.

விண்ணப்பத்தில் "ரேந்தை பின்னும் தொழிலாளர்" என்று எழுதினேன். பெரியம்மை அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.