குசினிக்கு எத்தனை அடி?

எங்கட ஊர்ப்பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க ரெண்டு குசினி கட்டுறாங்க. ஒண்டு வீட்டுக்குள்ள: டைல் பதிச்ச மேடை, பென்ட்ரி கபட், காஸ் அடுப்பு. மற்றது பின்னால தகரம் போட்ட பத்தி: விறகடுப்பு, திருவலை, மீன் வெட்டுற பலகை. சோறும் ஆணமும் அனேகமா ரெண்டாவதுலதான் ஆகுது. காணியை பேர்ச்சஸ் கணக்கில் எண்ணி வாங்கும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும், ஒரே வேலைக்கு ரெண்டு இடம் ஒதுக்குறது வீண் எண்டுதான் நானும் நினைச்சிருந்தேன். இதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தபோது, வீண் போனது பத்தி அல்ல, உள்ளே இருக்கும் மேடைதான் என்று தோன்றியது.

பழைய குசினியிலிருந்து தொடங்குவோம். 'குசினி' என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப் போனது. இடம் நம்முடையது. கிடுகு வேய்ந்த அந்தக் கொட்டில் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்றது. தீப்பிடித்தாலும் வீடு தப்பும். புகையும் உள்ளே வராது. கொட்டில் சின்னதுதான். ஆனால் சமையல் அதற்குள் மட்டும் நடக்கவில்லை. மீன் கழுவுவது கிணற்றடியில், நெல் குத்துவது முற்றத்தில், தேங்காய் திருவுவது வாசல்படியில். கொட்டிலுக்குள் தரை அடுப்புக்கு. முகட்டில் தொங்கும் உறி சட்டிக்கு. அடுப்புக்கு மேலே பரண், விறகு காய. சின்ன இடத்தை உயரத்தில் பெருக்கும் இந்த வித்தையை எங்கட மூத்தம்மாமார் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அந்த வளவு ஏன் சுருங்கியது? மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கீற்று நிலத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. இங்கு கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். வீடு சீதனமாகப் பொம்புளப் புள்ளைக்குப் போகும். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் ஒரு வளவு மூன்றாகும். அடுத்த தலைமுறையில் அதுவும் துண்டாகும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி வழமையை விரிவாக எழுதியிருக்கிறார். இடம் குறைந்தாலும் ஒன்று மிஞ்சியது: உறுதி பெண்ணின் பெயரில் இருந்தது. குசினியில் நிற்பவளே வீட்டுக்கும் சொந்தக்காரி.

சின்னக் குசினியை நாடாவால் அளந்து திட்டமிட்ட கதைகளில் பேர்பெற்றது ஜேர்மனியில் நடந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிராங்பேர்ட் நகரில் வீட்டுப் பஞ்சம். தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் 1926இல் ஒரு குசினியை வரைந்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர், ஏறக்குறைய 70 சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த ஒடுங்கிய சமையலறையும், தொழிற்சாலைகளில் வேலையை நேரம் பார்த்து அளந்த முறையும் அவருக்கு வழிகாட்டின. அரிசி போன்றவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள், மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சமைக்க ஒரு இழுவைக் கதவு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய பென்ட்ரியின் மூதாதை அதுதான்.

பெண்ணின் நடையைக் குறைக்கத்தான் அவர் அதை வரைந்தார். ஆனால் அது ஒரே ஒரு ஆளுக்கான இடம். உம்மாவும் மகளும் சேர்ந்து நின்று வேலை செய்ய முடியாது. பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்ற விமர்சனம் பிறகு பெண்ணியவாதிகளிடமிருந்து வந்தது. அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று லிஹொட்ஸ்கியே பிற்காலத்தில் சொன்னார்.

அளவெடுத்த குசினி எங்கள் கரைக்குப் பரவலாக வந்தது பேரழிவோடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. பிறகு அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. மருதமுனையில் '65 மீற்றர்' என்ற பெயரிலேயே ஒரு வீட்டுத்திட்டம் இருக்கிறது. நிரந்தர வீட்டுக்குக் குறைந்தது 500 சதுர அடி என்று வரையறுத்தார்கள். ஹோல், படுக்கையறை, குசினி எல்லாம் அதற்குள். கிணற்றடியும் முற்றமும் வாசல்படியும் செய்த வேலை முழுக்க ஒரு சின்ன அறைக்குள் வந்து சேர்ந்தது. படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் பல இடங்களில் ஆணின் பெயரால் நிரம்பியது. எங்கட வழமைக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. குசினி சுருங்கினது கண்ணுக்குத் தெரிந்தது. உரிமை கைமாறினது அவ்வளவாகத் தெரியவில்லை.

அதனால்தான் பின்சுவரோடு பத்திகள் முளைத்தன. புகை போக, மீன் கழுவ, ரெண்டு பேர் குந்தியிருந்து வெங்காயம் உரிக்க. வரைபடம் மறந்ததைப் பெண்கள் கிடுகாலும் தகரத்தாலும் திருத்தி எழுதினார்கள். மாடிக் குடியிருப்புகளுக்குப் போனவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2022இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, பத்தி உள்ள வீட்டில் சிரட்டையும் மட்டையும் எரிந்தது. மேல்மாடியில் விறகு எரிக்க எங்கே போவது?

பழைய கொட்டிலுக்கே திரும்பச் சொல்லவில்லை. விறகுப் புகை நுரையீரலுக்குக் கேடு. குனிந்து ஊதின முதுகுக்கும் கேடு. லிஹொட்ஸ்கியின் வரைபடத்தை விட்டுவிட்டு அவருடைய முறையை எடுப்போம்: வேலையை அளப்பது. வீடு கட்டப்போற ஆக்கள் மேசனைக் கூப்பிட முதல், ஒரு நாள் உம்மாவோட குசினியில் நில்லுங்கள். எத்தனை தரம் தண்ணிக்கு நடக்குறா, எங்க குந்துறா, நோம்பு காலத்தில் பெரிய சட்டியை எங்க வைக்கிறா எண்டு எழுதுங்கள். பிறகு நாடாவையும் பென்சிலையும் அவவிட்டயே குடுங்கள். வீடும் அவட, வேலையும் அவட. கோட்டை மட்டும் ஏன் வேற ஆள் கீறணும்?