ஈய பேட்டரியின் ஒற்றை வரிக்கு ஓர் உரை

மூலம்: ஈயம் + ஈய டை ஆக்சைடு + கந்தக அமிலம் ⇌ ஈய சல்பேட் + தண்ணீர்

1882இல் வேதியியலாளர்கள் கிளாட்ஸ்டனும் டிரைபும் தந்த விளக்கத்தின் சாரம் இது. ஈய பேட்டரியை ஒல்லியாக்க நினைப்பவர் டப்பாவை விட்டுவிட்டு இந்த வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஈயம்: மைனஸ் பிளேட்டு. நுண்துளைகள் நிறைந்த பஞ்சு ஈயம். பெரிய தொல்லை தராது.

ஈய டை ஆக்சைடு: பிளஸ் பிளேட்டு. வம்பெல்லாம் இங்கேதான். ஆக்சைடு பசையைத் தாங்குவது ஈயக் கிரிட் என்ற வலைச் சட்டம். சார்ஜ் ஏறும்போது அந்தக் கிரிட்டும் கொஞ்சங்கொஞ்சமாக ஆக்சைடாகி அரிக்கும். தடித்த கிரிட் பல வருஷம் ஈடுகொடுக்கும். மெல்லியது சீக்கிரம் இற்றுப்போகும். ஆனால் ஒரே மூச்சில் நிறைய ஆம்பியர் இழுக்க மெல்லிய பிளேட்டுதான் வேண்டும். தடித்த பிளேட்டின் நடுவுக்கு ஆசிட் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மெல்லிய பிளேட்டுகள் பல இருப்பது அதனால்தான்.

மெலிவும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால் தூய ஈயத்துக்குப் போகலாம். அது அரிப்பது மெதுவாக. ஆனால் ரொம்ப மிருது, தொட்டால் வளையும். வழக்கமான கிரிட்டில் ஈயத்தோடு ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் சேர்ப்பது அது விறைப்பாக நிற்கத்தான். 1970களில் அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் தூய ஈய பிளேட்டுகளைக் கண்ணாடி இழைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி உருளைக்குள் இறுக்கியது. விறைப்பைச் சுருளே கொடுத்தது. (1859இல் பிளான்டே செய்த முதல் ஈய பேட்டரியும் சுருட்டிய தகடுதான்!)

கந்தக அமிலம்: லித்தியம் பேட்டரியில் திரவம் வெறும் வழிதான், இங்கே அமிலமும் செலவாகும் சரக்கு. ஓர் ஆம்பியர்-மணிக்கு ஈயம் சுமார் 3.9 கிராம் என்றால் அமிலம் 3.7 கிராம். பிளேட்டுகளை எவ்வளவு நெருக்கினாலும் அதற்கு இடம் விட்டாக வேண்டும். இழைப் பாய் ஆசிட்டைச் சிந்தாமல் பிடித்துவைக்கும், தேவையைக் குறைக்காது. ஒல்லியாவதற்கு உண்மையான எல்லை இதுதான் என்பேன்.

ஈய சல்பேட்: மின்சாரம் கடத்தாது, இடத்தையும் அடைக்கும். ஈயம் சல்பேட்டாகும்போது பருமன் இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். தட்டையான செல்லில் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்காவிட்டால் பசை உதிரும்.

⇌: சார்ஜ் இறங்கும்போது வலப்பக்கம், ஏறும்போது இடப்பக்கம். சார்ஜ் இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் போட்டுவைத்தால் சல்பேட் கெட்டிப்பட்டு, இந்த இரட்டை அம்பு ஒற்றை அம்பாகிவிடும்.

தண்ணீர்: சார்ஜ் மிஞ்சினால் தண்ணீர் பிரியும். பாய் வைத்து மூடிய பேட்டரியில், அதில் வரும் ஆக்சிஜன் பாயின் இடைவெளி வழியே மைனஸ் பிளேட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகும். அளவு மீறினால் வாயு வால்வு வழியே வெளியேறும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற இதில் மூடி கிடையாது. நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜர் 13.5, 13.8 வோல்ட் என்று அடக்கி வாசிப்பது இதற்காகத்தான்.