முப்பதாம் பிரிவில் மறைந்த சட்டம்

மனைவி உயிரோடிருக்க இந்து ஆண் ஒருவர் இன்னொருத்தியை மணப்பது சென்னை மாகாணத்தில் எப்போது குற்றமாயிற்று? பெரும்பாலோர் சொல்லும் விடை 1955, இந்து திருமணச் சட்டம் வந்த ஆண்டு. அந்த விடையைச் சோதிக்கவே சட்டத்தைக் கடைசிப் பிரிவுவரை படித்தேன்.

இன்றைய பதிப்புகளில் 30ஆம் பிரிவு வெற்றிடம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. 1955இல் அச்சான மூலத்தில் அந்த இடத்தில் ஏழு பழைய சட்டங்களை ரத்து செய்யும் பட்டியல் இருக்கிறது. மத்தியச் சட்டங்கள் இரண்டு, பம்பாய்க்கு இரண்டு, சௌராஷ்டிரத்துக்கு இரண்டு. எஞ்சிய ஒன்று, 1949ஆம் ஆண்டின் சென்னை இந்து இருதார மணத் தடுப்பு, மணமுறிவுச் சட்டம். ரத்து செய்து முடித்ததும் அந்தப் பிரிவுக்கு வேலையில்லை, களைந்துவிட்டார்கள். முன்னோடிகளின் பெயர்களும் அதோடு போயின.

ஏட்டில் இருந்த சட்டம் நடப்பிலும் இருந்ததா? 1952ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் சான்று கிடைக்கிறது. இந்துக்களை மட்டும் கட்டுப்படுத்துவது பாகுபாடு, மத உரிமைக்கும் எதிரானது என்று அச்சட்டத்தின் மீது வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அப்படியானால் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த 494ஆம் பிரிவு? ஏழாண்டுவரை சிறை என்றது அது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: முதல் துணை உயிரோடிருப்பதாலேயே இரண்டாம் மணம் செல்லாததாக இருக்க வேண்டும். அன்றைய இந்துச் சட்டப்படி ஆணின் இரண்டாம் மணம் செல்லும். அவனைப் பிரிவு தொடவில்லை. மணமுறிவை வழக்காறு ஏற்ற சாதிகள் நீங்கலாக, பெண்ணின் இரண்டாம் மணம் செல்லாது, அவளுக்குச் சிறை. ஒரே வாசகம், ஏறத்தாழ 90 ஆண்டுகள், ஒருத்தியை மட்டும் தண்டித்தது. இந்த அநீதியைக் குறிப்பிடாமல் இருதார மணச் சட்டத்தின் வரலாற்றை எழுதவே கூடாது.

1949தான் தொடக்கமா என்றால் அதையும் திருத்த வேண்டும். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரில், தாய்வழிச் சொத்துமுறையான மருமக்கத்தாயத்தைப் பின்பற்றியோருக்கு, 1933ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டமே முதல் மணம் நீடிக்கையில் செய்யும் மறுமணத்தை, ஆணானாலும் பெண்ணானாலும், செல்லாததாக்கிவிட்டது.

ஆக, மருமக்கத்தாயத்தாருக்கு 1933, சென்னை மாகாணத்தின் மற்ற இந்துக்களுக்கு 1949. சட்டநூல் பதிப்பிப்போர் 30ஆம் பிரிவின் பழைய வாசகத்தை அடிக்குறிப்பாகவேனும் அச்சிட வேண்டும்.