சிறுதேரும் நடைவண்டியும்

சோழநாட்டு மகளிர், உலர வைத்த உணவைக் கவர வந்த கோழியைக் காதணியால் எறிந்தனர். அக்குழை சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரை வழிமறித்தது என்கிறது பட்டினப்பாலை. சோழநாட்டு வளத்தைக் காட்டவே புலவர் இதனைப் பாடினார். எனினும் நம் நெஞ்சில் நிற்பது குழையன்று, தேரே.

குதிரை பூணாத அத்தேர் நம் நடைவண்டியின் மூதாதையோ? பெரும்பாணாற்றுப்படை இதற்குத் துணைநிற்கிறது. அதனையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே. அங்கே வரும் தேரைத் தச்சர்வீட்டுச் சிறுவரும் விரும்புவர். அது ஏறிச் செல்வதன்று, உருட்டிச் செல்வது. உருட்டிய பிள்ளைகள் தளர்நடை வருத்தம் தீரப் பாலருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். தளர்நடைக் குழவிக்குரிய தேர் வேறு எதுவாக இருத்தல் கூடும்?

பின்வந்த பிள்ளைத்தமிழ், சிறுதேர்ப் பருவத்தை ஆண்பாற்கே உரித்தாக்கியது. பெண்பாலுக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் வைத்தது. நல்லவேளை, நம்மூர்த் தச்சர் இவ்வரம்பைப் பொருட்படுத்தவில்லை. நடைவண்டி பற்றி நடை பயின்ற பெண்மக்கள் எத்தனையோ பேர்.

தில்லிக்கும் மும்பைக்கும் குடிபெயர்ந்தோர் சிலர் பாத்திரபண்டங்களோடு அதனையும் கட்டிக் கொணர்ந்தனர். இன்று கைபேசித் திரையில் உருவங்கள் ஓட, குழந்தை அமர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் நடைவண்டி கிடந்தால் இறக்கிப் பாருங்கள். உருளை கழன்றிருப்பின், பூட்டித் தர அருகிலுள்ள தச்சரே போதும்.