ஈழத்தலரியை வெட்டுவதற்கு முன்



நம் பின்புறத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கும் ஈழத்தலரியைப் பார்த்திருப்பீர்கள். மார்கழிப் பனியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. "பட்டுப்போச்சு, வெட்டிட்டா ரெண்டு வண்டி நிறுத்தலாம்" என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. முடிவெடுப்பதற்கு முன் அந்த மரத்தின் பூர்வீகத்தைச் சற்றுக் கேளுங்கள்.

பெயரில் ஈழம் இருந்தாலும் இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். நர்சரிக்காரர்கள் சொல்லும் 'பிளுமேரியா' என்ற பெயர், கரீபியன் தீவுகளின் செடிகொடிகளை ஆராய்ந்த சார்ல் பிளுமியே (1646–1704) என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வைத்தது. 1753-ல் லின்னேயஸ் வெளியிட்ட தாவர நூலிலும் அந்தப் பெயரே இடம்பெற்றது. கடல் கடந்து வந்த மரம், இலங்கையின் புத்த விகாரைகளில் பூசைப் பூவானது. பனமரத்துப்பட்டித் தோட்டங்களிலிருந்து சேலம் மார்க்கெட்டுக்குப் போகும் அரளியும் இதுவும் ஒரே குடும்பம். கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும். பனிக்காலத்தில் அரளி வரத்து குறைவதும் நமக்குத் தெரிந்ததுதான்.

தாயகத்தில் மழைக்கு ஒரு பருவம், வறட்சிக்கு ஒரு பருவம். வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, சதைப்பற்றான கிளைகளில் சேர்த்த நீரைக்கொண்டு பிழைத்திருப்பது இதன் வழக்கம். இங்கு வந்தும் அதை விடவில்லை. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: செயல்படாத கணக்கு வேறு, முடித்த கணக்கு வேறு.

குளிர் உண்மையிலேயே செடியைக் கருக்கும் இடம் ஊட்டி. 1848-ல் அங்கு வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர். உறைபனி விழும் இரவுகளில் இலைக்குள் இருக்கும் நீரே உறைந்துவிடும். அதனால் இன்றும் அங்கே அலங்காரச் செடிகளை மிலார் செடிகளால் மூடிக் காக்கிறார்கள். நம் சமவெளியில் உறைபனி இல்லை. இங்கே மொட்டை மரத்துக்கு ஆபத்து, பரிதாபப்பட்டு நாம் தினமும் ஊற்றும் தண்ணீர்தான். உறிஞ்ச இலை இல்லாதபோது வேர் அழுகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வரும்வரை தண்ணீரைக் குறையுங்கள், உரம் வேண்டாம். நுனி கருத்து மெத்தென்று ஆகியிருந்தால், பனி விலகியபின் மாசிக் கடைசியில், பால் கசியும் கெட்டியான இடம் வரை வெட்டிவிடுங்கள். பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை அவசியம். துளிர் கண்டதும் தொழுவுரமும் தண்ணீரும் கொடுக்கலாம்.

சித்திரை முடிவதற்குள் துளிர்க்காவிட்டால், வெட்டும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதுவரை பொறுத்திருப்போம்.